தகடூர்க் காடும் இரண்டரைப் பவுன் ஈயமும்
கென்னத் ஆண்டர்சன் (1910 – 1974)

வேட்டை தமிழ் நிலத்திற்குப் புதியதன்று. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி விடுத்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, புள்ளிமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்று வன்பரணர் பாடிய பாட்டுப் புறநானூற்றில் 152ஆம் பாட்டாக நிற்கிறது. அது புலவரின் உயர்வு நவிற்சி என்று கற்போர் கடந்து செல்வர். ஆயினும் அப்பாட்டினுள் வேட்டுவர் நன்கறிந்த வினா ஒன்று மறைந்து கிடக்கிறது. யானையைத் துளைக்கும் படைக்கலமும் மானை வீழ்த்தும் படைக்கலமும் ஒன்றாக இருத்தல் கூடுமா? கூடும் என்பது கவிதையின் விடை. கூடாது என்பது காட்டின் விடை. ஓரியின் மலைக்கு வடக்கே, அதியமான் ஆண்ட தகடூர்க் காடுகளில் காட்டின் விடையைத் தம் வாழ்நாள் முழுதும் கற்றவர் கென்னத் ஆண்டர்சன்.

தகடூர் என்னும் தருமபுரிப் பகுதி நடுகற்களால் பெயர் பெற்றது. ஆநிரை மீட்டு மாண்டோர்க்கும், புலியோடு பொருது மாண்டோர்க்கும் இம்மண்ணின் மக்கள் கல் நட்டனர். வாளோ ஈட்டியோ ஏந்திய வீரன் பாயும் புலியை எதிர்கொள்ளும் புலிகுத்திக் கற்கள் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்கின்றன. புலி இங்கே கதைப்பொருளாக இருந்ததில்லை. ஊரின் துயரமாக இருந்தது. அத்துயரம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அதனை உலகறிய எழுதியவர் ஆங்கிலத்தில் எழுதிய ஓர் அயல்மரபினர் என்பதே வியப்பு.

பிறப்பும் வளர்ப்பும்

ஆண்டர்சன் 1910ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் ஐதராபாத்தை அடுத்த பொல்லாரத்தில் பிறந்தார். தலைமுறை பலவாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து மரபுக் குடும்பம் அது. தந்தையார் படைவீரர்தம் ஊதியக் கணக்குத் துறையில் பணியாற்றியவர். மகன் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் தூய வளனார் கல்லூரியிலும் பயின்றார். சட்டம் படிக்க எடின்பரோவிற்கு அனுப்பப்பட்டார். படிப்பில் மனம் ஒட்டவில்லை, காடு அழைத்தது, திரும்பிவிட்டார். அஞ்சல் தந்தித் துறையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் பணிபுரிந்து, பின்னர்ப் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பொறுப்பான பதவி வகித்தார்.

எனவே வேட்டை அவருக்குப் பிழைப்பு அன்று. அரசர்களுக்கு இருந்தது போன்ற ஆடம்பரமும் அன்று. அலுவலக விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பெங்களூரிலிருந்து தெற்கே காரில் இறங்கி வருபவராகவே அவரை இப்பகுதி மக்கள் அறிந்திருந்தனர். பெண்ணாகரம், ஒகேனக்கல், முத்தூர், கெம்பக்கரை, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி என்னும் ஊர்ப்பெயர்கள் அவர்தம் நூல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அக்காலத்தில் இவை அனைத்தும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004இல் அதிலிருந்து கிருட்டிணகிரி பிரிந்தது. மாவட்ட எல்லைகள் மாறினும் காடு ஒன்றே. சின்னாறு அன்றும் இன்றும் ஒகேனக்கல்லில்தான் காவிரியோடு கலக்கிறது.

சின்னாற்றங்கரை ஆசான்

சின்னாற்றுப் பகுதியில் வாழ்ந்த பைரா என்பவரைப் பற்றி ஆண்டர்சன் தம் முதல் நூலில் தனி இயலே எழுதினார். பூசாரி என்னும் மலைக்குடியைச் சேர்ந்தவர் பைரா. ஆற்றங்கரையில் தோண்டிய வளையே அவர்தம் இல்லம். இடுப்பில் ஒரு துணி. கையில் ஒரு பழைய நாட்டுத்துப்பாக்கி. சட்டத்தின் பார்வையில் அவர் கள்ள வேட்டைக்காரர். ஆண்டர்சனோ உரிமம் பெற்ற துரை. இவ்விருவரிடையே மலர்ந்த நட்பு, அக்கால வழக்கத்திற்கு மாறானது. அடிச்சுவடு காணவும், குரங்கின் கூச்சலுக்கும் கடமானின் குரலுக்கும் பொருள் அறியவும், காற்றின் திசை பார்த்து அமரவும் ஆண்டர்சன் கற்றது இத்தகைய மக்களிடமே. அதை அவர் மறைக்கவில்லை. பெண்ணாகரத்து ரங்காவும் இவ்வாறே அவருடைய நூல்களில் இடம்பெறும் துணைவர்.

பைராவின் துப்பாக்கியும் ஆண்டர்சனின் துப்பாக்கியும் அருகருகே சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தால், இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அதில் அடங்கிவிடும்.

இருவகைக் குண்டுகள்

ஆண்டர்சன் தம் வாழ்நாளில் பெரும்பகுதி நம்பியது வின்செஸ்டர் நிறுவனத்தின் 1895ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் வெற்றுக்கூடு வெளியே தெறித்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அதற்கென 1904இல் வெளிவந்த .405 வகைத் தோட்டாவின் குண்டு 300 கிரெய்ன் எடையுள்ளது. ஏறத்தாழ 19 கிராம். பொற்கொல்லர் கணக்கில் சொன்னால் இரண்டரைப் பவுனுக்குச் சற்றே குறைவு. வினாடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் அது புறப்படும். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்குச் சென்றபோது சிங்கங்களுக்கென எடுத்துச் சென்றதும் இவ்வகையே.

ஒரே துப்பாக்கி; ஆனால் அதில் இடும் குண்டு இருவகை. முதல்வகை மென்முனைக் குண்டு. அதன் உடல் செம்பு போன்ற உலோக உறையால் மூடப்பட்டிருக்கும். முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். தசையில் பட்டவுடன் அவ்வீயம் காளான் குடைபோல் விரியும். விரிந்த குண்டு தன் ஆற்றலை விலங்கின் உடலுக்குள்ளேயே இறக்கிவிடும், காயம் அகலமாகும், குருதி விரைந்து வடியும். புலி, சிறுத்தை, கரடி போன்ற மென்தோல் விலங்குகளுக்கு உரியது இதுவே.

இரண்டாம் வகை கெட்டிக் குண்டு. முனை உட்பட முழுவதும் உறை போர்த்தது, விரியாது, வளையாது, நேரே துளைத்துச் செல்லும். யானையின் மண்டையோடு தேன்கூடு போன்ற எலும்பறைகளால் ஆனது. மூளை அதனுள் ஆழத்தில் உள்ளது. அங்கே மென்முனைக் குண்டை அடித்தால் எலும்பறைகளிலேயே விரிந்து நின்றுவிடும். யானை சாகாது, சினம் மட்டுமே மிகும். மாறாகப் புலியின் மேல் கெட்டிக் குண்டை அடித்தால், ஊசி நுழைந்தாற்போல் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறும். புலி காயத்தோடு ஓடிப் புதருக்குள் மறையும். ஓரியின் அம்பு ஐந்து உயிர்களையும் ஒன்றாகத் துளைத்தது பாட்டில் நிகழலாம். காட்டில் யானைக்கு ஆழம் வேண்டும். புலிக்கு அகலம் வேண்டும். இரண்டும் ஒரு குண்டில் அமைவதில்லை.

.405 குண்டு அகன்றது. தன் அகலத்திற்கு நீளம் குறைந்தது. அத்தகைய குண்டு புலியின் மார்பில் நன்கு வேலை செய்யும். யானையின் நெற்றியில் அதன் துளைக்கும் திறன் ஐயத்திற்குரியது. வேட்டை வல்லார் பலர் யானைக்கு இதனினும் கனமான துப்பாக்கிகளையே பரிந்துரைத்தனர். குண்டின் குறையை வேட்டுவன் அண்மையாலும், குறியின் துல்லியத்தாலும், அஞ்சாத பொறுமையாலும் ஈடு செய்தல் வேண்டும். மக்களைக் கொன்ற பனபட்டி முரட்டு யானையை எதிர்கொண்ட வரலாற்றையும் ஆண்டர்சன் தம் முதல் நூலிலேயே எழுதியுள்ளார். அந்நூற்பெயரில் ஒன்பது ஆட்கொல்லிகளோடு சேர்ந்து வரும் ஒற்றை முரட்டு விலங்கு அதுவே.

ஈண்டு ஒரு முரண் கருதத்தக்கது. உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் மனிதர்மேல் பயன்படுத்தலாகாது என 1899இல் ஹேக் மாநாடு அறிவித்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் உருவான குண்டுகளே அந்த விவாதத்திற்குப் பெயர் தந்தவை. மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கப்பட்ட குண்டே விலங்குக்குக் கருணை என்று வேட்டைக் களத்தில் போற்றப்பட்டது. போரில் காயமுற்றவனைத் தூக்கிச் செல்லத் தோழர் உளர், மருத்துவர் உளர். காட்டில் காயமுற்ற புலிக்கு ஒருவரும் இல்லை. அதற்கு விரைந்த சாவு ஒன்றே மருந்து.

மூன்றாவது குண்டு

இனி, பைராவின் துப்பாக்கியைக் காண்போர் மூன்றாவது குண்டைக் காண்பர். குழாயின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, கோலால் இடித்து, ஈயத் துண்டோ ஆணியோ கூழாங்கல்லோ கையில் கிடைத்ததைப் போட்டுச் சுடும் நாட்டுத்துப்பாக்கி அது. அருகில் வரும் மானுக்கும் பன்றிக்கும் அது போதும். தினைப்புனமும் கேழ்வரகுக் கொல்லையும் காக்க வேறு வழியற்ற ஏழைக் குடியானவனிடம் அதுவே இருந்தது. ஆனால் இருட்டில் அது புலிமேலோ சிறுத்தைமேலோ பட்டுவிட்டால் கொல்லாது, காலை ஊனமாக்கும், தாடையை உடைக்கும், தோலின் கீழ்ச் சீழ் வைத்துத் தங்கும்.

மானைத் துரத்த இயலாத புலி மெதுவாக ஓடும் இரையைத் தேடும். முதலில் மேயும் மாடு. பின்னர் மாடு மேய்ப்பவன். அதன்பின் விறகு பொறுக்கும் பெண். ஆட்கொல்லிகள் பிறப்பதில்லை, ஆக்கப்படுகின்றன என்பதே ஆண்டர்சன் நூல்களின் அடிநாதம். விதிவிலக்குகள் உண்டு. கும்மளாபுரத்துச் சிறுத்தையின் பாதத்தில் முள்ளம்பன்றியின் முட்கள் தைத்திருந்ததை அவர் பதிவு செய்தார். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி மனிதன் விட்ட அரைகுறைக் குண்டே.

இதற்குக் குமாவூன் மலையிலும் சான்று உண்டு. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் 1907இல் வீழ்த்தினார். அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய குண்டடியால் உடைந்திருந்ததை அவர் கண்டார். யாரோ ஒருவர், எங்கோ ஒருநாள் சுட்டுவிட்டுப் பின்தொடராது வீடு திரும்பியிருந்தார். அவர் பெயர் வரலாற்றில் இல்லை.

எனினும் பழி முழுவதையும் ஏழையின் நாட்டுத்துப்பாக்கிமேல் சுமத்துதல் முறையன்று என்பதற்கு ஜவளகிரிப் பெண்புலியின் கதை சான்று. அதன் இணையைச் சிலர் சுட்டு வீழ்த்தினர். இணையை இழந்து இரவெல்லாம் கதறித் திரிந்த அப்புலியை மற்றொரு வேட்டைக்காரர் சுட்டார், குண்டு கொல்லவில்லை, காயப்படுத்தியது. அதன் பின்னரே அது மனிதரை நாடத் தொடங்கியது. நல்ல துப்பாக்கியும் கூரிய குண்டும் இருந்தும், குறியும் பொறுமையும் இல்லையெனில் விளைவு ஒன்றே. இறுதியில் ஆண்டர்சன் ஆண்புலியின் அழைப்புக் குரலைத் தாமே எழுப்பினார். துணை வந்துவிட்டதென்று நம்பி வந்த பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். ஊர் பிழைத்தது. ஆனால் அவ்வியலைப் படித்து முடிப்பவர் நெஞ்சில் வெற்றிக் களிப்பு எஞ்சுவதில்லை. அகப்பாட்டின் இரங்கல் ஒன்றே எஞ்சுகிறது.

பின்தொடர்தல் என்னும் அறம்

வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில், 772ஆம் குறளில், முயலை வீழ்த்திய அம்பைவிட யானையை எறிந்து தவறிய வேலை ஏந்துவது இனிது என்கிறார். போர்க்களத்தில் அது மறம். பெரிதை நாடித் தோற்பதும் பெருமையே. வேட்டைக் காட்டில் இந்நெறியை அப்படியே கொள்ளல் இயலாது. முற்றும் தவறிய குண்டால் தீங்கு இல்லை, விலங்கு ஓடிவிடும், வேட்டுவன் வெட்கத்தோடு திரும்புவான். பாதி பட்ட குண்டே தீங்கு. அதன் பயனை எய்தவன் துய்ப்பதில்லை. மூன்று மாதம் கழித்து, அவன் பெயரும் அறியாத ஒரு சிற்றூரில், தண்ணீர்க் குடத்தோடு சென்ற ஒருத்தி துய்ப்பாள்.

ஆகவே காயமுற்ற விலங்கைப் பின்தொடர்ந்து முடித்தல் வேட்டுவரின் எழுதாச் சட்டமாயிற்று. காட்டில் இதனினும் இடர் மிக்க செயல் இல்லை. பரண்மேல் இருந்து, துப்பாக்கிக் குழலில் பொருத்திய மின்விளக்கின் ஒளியில் சுடுபவனுக்குப் புலி எட்டாது. மறுநாட் காலை தரையில் இறங்கி, புல்நுனியில் உறைந்த குருதித் துளியைப் பார்த்துப் பார்த்து லண்டானாப் புதருக்குள் நுழைபவனுக்குப் பத்தடி தொலைவில் சாவு காத்திருக்கும். ஆண்டர்சனின் நூல்களில் மிகுந்த அச்சம் தரும் பக்கங்கள் இத்தகைய காலைகளைப் பற்றியவையே. தாம் தவறவிட்ட குறிகளையும், தம் பிழையால் நீண்ட துன்பங்களையும் அவர் எழுதினார். எழுதியவற்றில் புனைவின் கலப்பு உண்டென்று ஐயுறுவோரும் உளர். ஆயினும் தம்மைப் பிழையற்ற வீரராகக் காட்டிக்கொள்ள அவர் முனையவில்லை என்பது படிப்போர்க்குத் தெளிவு.

1939 முதல் 1966 வரை அவர் வீழ்த்திய ஆட்கொல்லிகளாக அரசுப் பதிவுகளில் 8 சிறுத்தைகளும் 7 புலிகளும் குறிக்கப்பட்டுள்ளன என்பர். இந்த எண்ணிக்கை சிறிது. அக்காலத்து அரசர்களும் ஆளுநர்களும் யானைமேல் அமர்ந்து சுட்டுக் குவித்த கணக்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வோர் எண்ணின் பின்னும் மாலை மயங்குமுன் கதவடைத்துக்கொண்ட ஊர்கள் பல நின்றன.

எழுத்தும் இறுதியும்

1954இல் இலண்டனில் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. தொடர்ந்து 1957, 1959, 1961, 1964, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் நூல்கள் வெளிவந்தன. அவற்றில் வேட்டையைவிட மிகுதியாக இருப்பது காடு. நிலா எழும் முன்னர் மூங்கிற் புதர் எழுப்பும் ஓசை, பக்கி என்னும் இராப்பறவையின் குரல், கோடையில் வற்றிய ஆற்றுமணலில் யானை தோண்டிய ஊற்று, காட்டுத் தீயின் மணம் ஆகியவற்றை அவர் எழுதிய முறையில் குறிஞ்சியும் பாலையும் மாறிமாறித் தோன்றும். திணை என்னும் சொல்லை அறியாது திணையை எழுதியவர் அவர் எனலாம்.

வயது ஏறஏற அவர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டுப் புகைப்படக் கருவியைக் கையில் எடுத்தார். காடுகள் அழிவதையும், இரவில் வண்டியின் விளக்கொளியில் மான்கள் கூட்டமாகச் சுடப்படுவதையும் கண்டு வருந்தி எழுதினார். தென்னகத்தில் வனவிலங்குக் காப்பிற்காகத் தொடக்கத்திலேயே குரல் கொடுத்தோருள் அவர் ஒருவர். அவர் கண்முன்னரே காலம் மாறியது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு, 1974 ஆகஸ்டு 30ஆம் நாள், புற்றுநோயால் அவர் மறைந்தார். அவருடைய இறுதி நூல்களுள் ஒன்று 1976இல் வெளிவந்தது.

அவர் நடந்த காடுகள் இன்று சட்டத்தின் காவலில் உள்ளன. 2014இல் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் 504 சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் காவிரி தெற்குச் சரணாலயம் அமைந்தது. எந்தக் குண்டு எந்த விலங்குக்கு என்னும் வினா அக்காட்டில் இன்று எழ வேண்டியதில்லை. எழாதிருப்பதே நன்று.

ஆயினும் அவ்வினாவின் உள்ளே இருந்த அறம் பழையதாகிவிடவில்லை. கையிலிருப்பது எதுவாயினும், அது எதற்கு ஏற்றது, எதற்கு ஏலாதது என்று முன்னரே அறிதல். ஐயம் எழுந்தால் விசையைத் தொடாதிருத்தல். தொட்டுவிட்டால் விளைவின் இறுதிவரை தானே நடந்து செல்லுதல் என்பன அதன் மூன்று படிகள். தைத்த இடத்தில் சீழ் வைத்துத் தங்கும் ஈயத்தைச் சொல்லாலும் ஒருவர் விட்டுவிட இயலும் என்பதைப் பாவலர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

புலியோடு பொருதவனுக்குக் கல் நட்ட மண் இது. ஆண்டர்சனுக்கு இங்கே கல் இல்லை. சின்னாறு காவிரியில் சேருமிடத்தில், கோடையில் நீர் வடிந்தபின் வெளித்தெரியும் பாறைகளே அவருக்கும் பைராவிற்கும் பொதுவாக நின்ற நடுகற்கள் என்று கொள்ளுதல் தகும்.